காயில் கட்டிய கை (பள்ளத்தாக்கின் குரல் – 14)

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் "ரேடியோ கட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கட்டுவது ரேடியோவை இல்லை. தென்னை மரத்திலோ மூங்கில் கம்பிலோ ஏறுவது குழாய் ஸ்பீக்கர். கீழே திண்ணையில், இசைத்தட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் சூடாக உட்கார்ந்திருப்பது வால்வு ஆம்ப்ளிஃபயர். ஆனாலும் பெயர் ரேடியோதான். கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு வரும் வழியில் ரேடியோக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து வருவது ஒரு சடங்கு மாதிரி.

பெயர் அப்படி விழுந்ததற்கு நியாயம் உண்டு. வால்வு ரேடியோவின் கடைசிக் கட்டத்தை மட்டும் தனியே எடுத்துப் பெரிதாக்கினால் அதுதான் மைக் செட். ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு மைக் செட் தெரியும். மைக் செட் தெரிந்தவருக்கு, அவர் அறியாமலே, இன்னொரு கருவியும் தெரிந்திருந்தது. இன்று உலகம் முழுக்கக் கிதார் வாசிக்கிறவர்கள் லட்சக்கணக்கில் விலை கொடுத்துத் தேடுகிற, கையால் கட்டிய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்தான் அது. இரண்டுக்கும் சர்க்கியூட் கிட்டத்தட்ட ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கில் கிதார் ஆம்ப்ளிஃபயர் கம்பெனி எதுவும் இருந்ததில்லை. ஆனால் அந்த யந்திரத்தின் உறவுக்காரன் ஒவ்வொரு ஊரிலும் இருந்தான். இந்தப் பகுதி அவனைப் பற்றியது.

சென்ற பகுதியை டூரிங் டாக்கீஸின் ஆயில் எஞ்சின் ஓசையோடு நிறுத்தியிருந்தேன். அந்த எஞ்சின் இல்லாமல் கொட்டகையில் படமும் இல்லை, பேச்சும் இல்லை. பிலிமின் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டின் மேல் விளக்கொளி விழ, எதிரே இருக்கும் போட்டோசெல் அதை மெல்லிய மின்னோட்டமாக மாற்ற, வால்வுகள் அதைப் பெருக்கி, திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரைப் பேச வைக்கும். பள்ளத்தாக்கின் பல ஊர்களில் ஜனங்கள் முதன்முதலில் கேட்ட பெருக்கிய குரல் எம்.கே. தியாகராஜ பாகவதருடையதாகவோ பி.யு. சின்னப்பாவுடையதாகவோ இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அரசியல்வாதியின் குரல் அதற்குப் பிறகு வந்தது.

அரசியல் மேடைக்கு மைக் வந்தது தனிக் கதை. மோட்வானி குடும்பத்தாரின் நிறுவனம் 1909-ல் சிந்துப் பகுதியில் தொடங்கி, பிறகு பம்பாய்க்கு வந்தது. அவர்களுடைய 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர்ப் பலகை, காந்தியும் நேருவும் பேசுகிற பழைய படங்கள் பலவற்றில் மைக்கின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பெயரில்தான் சிகாகோ. ஊர்க் கூட்டங்களுக்கு அதே வேலையைப் பின்னாளில் செய்தது டெல்லியின் அகுஜா. 1940-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னால் இன்றும் மைக் செட்காரர்கள் முகத்தில் ஒரு மரியாதை தெரியும்.

மின்சாரம் வராத ஊரில் கார் பேட்டரியே கதி. அதிலும் ஒரு சிக்கல். வால்வின் பிளேட்டுக்குச் சில நூறு வோல்ட் வேண்டும், பேட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட். அதனால் 'வைப்ரேட்டர்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே ஒரு எஃகுத் தகடு துடித்துத் துடித்து நேர்மின்சாரத்தை வெட்டிக்கொண்டே இருக்க, வெட்டுப்பட்ட மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் உயர்த்தும். பேச்சாளர் மூச்சு விடும் இடைவெளியில் அந்தத் தகட்டின் ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கும்.

1958 மே மாதம் போடிமெட்டுக்கு மேலே தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலை இங்கே சொல்ல வேண்டும். 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயிருந்தன. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் இருந்த வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளிகள். முந்தைய ஆண்டின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானதால் மறுபடியும் ஓட்டு. கேரளத்தின் இ.எம்.எஸ். அரசாங்கத்துக்கு அது மானப் பிரச்சினை. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்தப் பிரசாரத்துக்கு மலையேறிப் போய்ப் பாடியவர் பண்ணைப்புரத்து பாவலர் வரதராசன். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் கட்சிப் பாட்டைக் கட்டி, பாட்டாலேயே கூட்டம் சேர்த்தவர். அந்தக் காலத்தில்தான் அவருடைய தம்பி ராசையாவும் குழுவில் சேர்ந்தார். அப்போது வயது பதினான்கு. பின்னாளில் அவர் பெயர் இளையராஜா. வரதராசனின் மற்றத் தம்பிகள் பாஸ்கரும் அமர்சிங்கும் சேர, 'பாவலர் பிரதர்ஸ்' ஊர் ஊராகப் போனது.

ஒரு பாட்டுக் குழுவுக்கு மைக் செட் எத்தனை முக்கியம் என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். ஆர்மோனியத்துக்கு ஒன்று, பாடகருக்கு ஒன்று என்று இரண்டு மைக் கிடைத்தாலே பெரிய வசதி. குரலின் நெளிவு தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் எப்படி விழும் என்பதை வால்வும் குழாயும்தான் தீர்மானித்தன. குழாய் ஸ்பீக்கர் சுருதிப்பெட்டியின் கீழ்க்கட்டை ஒலியை விழுங்கிவிடும். நாகஸ்வரத்தையும் உச்சஸ்தாயிக் குரலையும் மட்டும் அரைக் காதம் கொண்டுபோகும். கூம்பின் அளவு அப்படி. எங்கள் பள்ளத்தாக்கில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு எதிராகக் குழாயைத் திருப்பினால் பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது. விவரம் தெரிந்த மைக் செட்காரர் முதலில் மரத்தைப் பார்க்க மாட்டார், மரத்தின் இலை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்ப்பார்.

அதே 1950-களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1895-ல் எஞ்சினியர் பென்னிகுயிக் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரியாற்றுத் தண்ணீர் அதுவரை வயலுக்கு மட்டும் பாய்ந்துகொண்டிருந்தது. இனி இரும்புக் குழாய்களில் விழுந்து டர்பைனைச் சுற்றிவிட்டு வயலுக்குப் போயிற்று. தொடக்கக் காலத்தில் வைத்தவை 35 மெகாவாட் வீதம் நான்கு யந்திரங்கள், அன்று மொத்தம் 140 மெகாவாட். குமுளி மலைச்சாலையில் பஸ்ஸில் போகும்போது அந்தக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள்.

மின்சாரம் பள்ளத்தாக்கின் கிராமங்களில் செய்த முதல் வேலை கிணற்றில் மோட்டார் வைத்தது. கால்வாய் பாயாத மேட்டு நிலத்தில் வாழையும் பின்னாளில் பன்னீர் திராட்சையும் நிற்கக் காரணம் அந்த பம்ப்செட். மோட்டார் வந்தால் மோட்டார் எரியும். எரிந்தால் காயில் கட்ட வேண்டும். அப்படித்தான் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வரிசையாக 'வைண்டிங் கடை' முளைத்தது. இந்தத் தொடரில் நான் எழுத நினைத்த மனிதர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் இந்தக் காயில் கட்டுகிறவர்தான். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஏனென்றால், வால்வு செட்டின் உயிர் வால்வில் இருப்பதாகப் பொதுவாக நினைக்கிறோம். கண்ணாடிக்குள் சிவப்பாகக் கனன்றுகொண்டு இருப்பதால் கண் அங்கேதான் போகும். ஆனால் வால்வு கடையில் வாங்கும் பொருள். முல்லார்டோ பிலிப்ஸோ ஆர்.சி.ஏ.வோ, எது கிடைக்கிறதோ அதைச் செருகலாம். 1961 முதல் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்க, ஈசிசி83, ஈஎல்84 போன்றவை உள்நாட்டுச் சரக்காகவே கிடைத்தன. கையால் செய்தாக வேண்டியது டிரான்ஸ்ஃபார்மர். கம்பெனி செட் வாங்க வசதி இல்லாதவர்கள் உதிரி வாங்கிக் கட்டுவதற்கு 'அசெம்பிள் செட்' என்று பெயர். அசெம்பிள் செட்டில் ஒருவருடைய கைத்திறன் தெரிகிற இடம் இரும்பும் செம்பும் சேர்ந்த அந்தக் கட்டிதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், முதலில் செட்டுக்கு மின்சாரம் ஊட்டும் பவர் டிரான்ஸ்ஃபார்மர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு. இரும்புத் தகட்டு அடுக்கின் நடுக்காலின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் அளந்து, 45-ஐ அதனால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். 15 சதுர சென்டிமீட்டர் என்றால் வோல்ட்டுக்கு 3 சுற்று. 230 வோல்ட்டுக்கு 690 சுற்று. பிளேட்டுக்கு வேண்டிய 350 வோல்ட்டுக்கு 1,050 சுற்று. அதுவும் நடுவில் ஒரு டேப் எடுத்து இரண்டு பக்கமும் அதே அளவு. வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டுக்கு 19 சுற்று போதும், ஆனால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டம் அதிகம். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் காகிதம், ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் எம்பயர் துணி, பிறகு வார்னிஷில் முக்கி வெயிலில் காயவைப்பது. மோட்டாருக்கு இதெல்லாம் தினமும் செய்கிற கைக்கு இங்கே புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இல்லை.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் ஆளைச் சோதிக்கும். 6எல்6 வால்வு இரண்டை எதிரும் புதிருமாக, புஷ்-புல் என்று சொல்வார்களே அப்படி, வைத்தால் அவற்றுக்கு ஏறத்தாழ 6,600 ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் பொருத்த 29-க்கு 1 என்ற விகிதத்தில் சுற்ற வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. முதல் கட்டைப் பல பங்காகப் பிரித்து, நடுநடுவே இரண்டாம் கட்டை வைத்து, அடுக்குச் சப்பாத்தி மாதிரி மாற்றி மாற்றிச் சுற்றினால்தான் தாளத்தின் 'சில்' என்ற ஒலி காணாமல் போகாது. அவசரத்தில் மொத்தமாகச் சுற்றியதில் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். திருவிழாத் தெரு நீளமானால் 100 வோல்ட் லைனுக்குத் தனியாக ஒரு கட்டு வைப்பார்கள். உயர்ந்த வோல்ட்டில், குறைந்த ஓட்டத்தில் அனுப்பினால் ஒல்லிக் கம்பியிலும் அரை மைல் போகும். கடைசிக் குழாயில் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும். மின்வாரியம் மலையிலிருந்து ஊருக்கு மின்சாரம் கொண்டுவருவதும் இதே தந்திரத்தால்தான். வீரபாண்டி சித்திரைத் திருவிழா மாதிரி இடங்களில் ஆற்றங்கரை நெடுகக் குழாய் பேச இந்த முறை இல்லாமல் முடியாது.

இனி கிதாருக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்று ஒரு ஊர். ஆரஞ்சுத் தோட்டங்களின் ஊர். அங்கே ஆரஞ்சு விவசாயி மகனாக 1909-ல் பிறந்த லியோ ஃபெண்டர், 1938-ல் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். கிதார் வாசிக்கத் தெரியாதவர். ரேடியோ பழுது பார்ப்பார், இசைத்தட்டு விற்பார், ஊர்க் கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவார். நம்மூர் சவுண்ட் சர்வீஸ் கடையை அப்படியே பெயர்த்து அங்கே வைத்தது போல இருக்கிறது. அவரிடம் பழுதான ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்த நாட்டுப்புறப் பாடகர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டு, தானே செய்யத் தொடங்கினார். 1950-களின் இறுதியில் அவர் கம்பெனி செய்த 'பாஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபயரை, லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் தன் கடைப் பையன்களை வைத்துக் கிடைத்த உதிரிகளால் பார்த்துச் செய்ய, அது மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் ஆயிற்று. பார்த்துச் செய்வதை நம்மூரில் இளக்காரமாகப் பேசுவோம். அங்கே அதிலிருந்து ராக் இசையின் பாதி பிறந்தது.

பாஸ்மேனின் சர்க்கியூட்டை ஒரு பழைய மைக் செட்காரரிடம் காட்டினால் அவர் ஆச்சரியப்பட மாட்டார். முன்னால் ஈசிசி83 வகை வால்வு, பின்னால் 6எல்6 குடும்பத்தில் இரண்டு, மின்சாரத்தைச் சீராக்க ஒரு வால்வு. அவருக்கு விளங்காமல் போகக்கூடியது ஒன்றுதான், அதன் தவறு. மைக் செட்காரர் வாழ்நாள் முழுக்கக் 'கரகரப்பு' வராமல் இருக்கப் பாடுபட்டவர். வால்யூம் கூடிப்போனால் வால்வு அலையின் உச்சியைத் தட்டையாக்கும். ஒரேயடியாக வெட்டாமல் மழுக்கி மழுக்கித் தட்டையாக்கும். பேச்சாளரின் சொல் அப்போது கொழகொழத்துவிடும். கரகரப்பைக் குறைக்க, வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி உள்ளேயே ஊட்டுவார்கள். கிதார்க்காரனுக்கு அந்த மழுக்கம்தான் வேண்டியிருந்தது. ஒரு தந்தியைத் தட்டினால் அது தேய்ந்து மறையாமல் நாகஸ்வரம் போல நின்று பாடியது. பலமாகத் தட்டும்போது மின்சாரம் ஒரு கணம் அமுங்கி மறுபடி எழும்பும், அதோடு ஒலியும் அமுங்கி எழும். அதற்கு இப்போது ஆங்கிலத்தில் அழகான பெயர்கள் வைத்துத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். ஊரில் எல்லா பம்ப்செட்டும் ஒன்றாக ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜில் டி.எம்.எஸ். பாடியதைக் கேட்டவர்களுக்கு அந்த அமுக்கம் இலவசமாகவே கிடைத்தது.

மைக் செட்டில் கிதாரைச் செருகலாமா என்றால், செருகலாம். எந்தத் துளையில் என்பதுதான் கேள்வி. மைக் துளை அதற்கு ஒவ்வாது. இசைத்தட்டு முள்ளுக்கென்று 'பிக்கப்' என்று எழுதிய துளை ஒன்று இருக்கும். படிகத்தால் செய்த முள் பெரிய தடையுள்ள கருவி என்பதால் அந்தத் துளையும் அதற்கேற்பச் செய்யப்பட்டது. எலெக்ட்ரிக் கிதாரின் காந்தச் சுருளுக்கும் அது பொருந்தும். குழாயை அவிழ்த்துவிட்டு, காகிதக் கூம்பு உள்ள பெரிய பெட்டி ஸ்பீக்கரை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். குழாயிலேயே வாசித்தால் குளவி கத்துவது போல இருக்கும்.

பண்ணைப்புரத்திலிருந்து போனவரின் கைக்கும் கிதார் வந்தது. 1968-ல் சென்னைக்குக் கிளம்பியபோது, வீட்டிலிருந்த ரேடியோவை அம்மா சின்னத்தாயி விற்று, கிடைத்த 400 ரூபாயையும் அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்ததை இளையராஜா பல முறை சொல்லியிருக்கிறார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் கிதாரும் படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். சலில் சௌத்ரி போன்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிதார் வாசித்தார். 1976-ல் அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' வந்தபோது அந்தப் பாட்டுகள் முதலில் ஊருக்குத் திரும்பி வந்தது சினிமாக் கொட்டகை வழியாகவும், பிறகு கல்யாண வீட்டுக் குழாய் வழியாகவும்தான். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு முடிந்த கையோடு அடுத்த தட்டு அதுவாக இருக்கும். விற்ற ரேடியோவுக்கு ஊரே பதிலுக்கு ரேடியோ கட்டிற்று என்று எனக்குத் தோன்றும்.

அந்த நேரத்தில் வால்வு செட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் செட் 12 வோல்ட் பேட்டரியில் நேராக ஓடியது. வைப்ரேட்டர் வேண்டாம், சூடாகக் காத்திருக்க வேண்டாம், ஜீப்பில் குலுங்கினாலும் உடையாது. தேர்தலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கனமான இரும்பையும் செம்பையும் எடைக்குப் போட்டார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் செம்பு மட்டும் பல வீடுகளிலிருந்து பித்தளைப் பாத்திரக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் குழாயை இறக்கவைத்தன.

இப்போது வால்வு செய்கிற ஆலைகள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான், முக்கியமாக ஸ்லோவாகியா, சீனா, ரஷ்யாவில். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது கிதார் உலகம் பதறியது. நம்மூரில் பழைய சர்க்கியூட்டைப் பார்த்துச் சொந்தமாகக் கட்ட ஆசைப்படுகிறவர் வால்வையும் சாக்கெட்டையும் தபாலில் வரவழைக்கலாம், சென்னை ரிச்சி தெருவில் மின்தேக்கி வாங்கலாம். டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் உள்ளூர் வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். எத்தனை எச்.பி. என்று கேட்பார்கள். எச்.பி. இல்லை அண்ணே, 690, 1,050, 19 என்று சுற்று எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தால் செய்துவிடுவார்கள். அவுட்புட் கட்டை மட்டும் பங்கு பிரித்துச் சுற்றச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ண வேண்டும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கி 400 வோல்ட்டைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருக்கும். பழைய ரேடியோக்காரர்கள் சேசிஸைக் கவிழ்த்துத் தொடுவதற்கு முன் ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை வடியவிடுவார்கள். செட் ஓடும்போது தொட்டாக வேண்டுமென்றால் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார்கள், ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் போகக் கூடாது என்று.

(அடுத்த பகுதியில்: முள்ளும் தட்டும்)